சளியின் நிறமும் மூச்சின் எண்ணிக்கையும்

கேள்வி: என் மகளுக்கு நாலேகால் வயது, எடை 15 கிலோ. ஜூன் மாதம் எல்.கே.ஜி. சேர்த்ததிலிருந்து டிசம்பருக்குள் ஆறு முறை சளி, இருமல், காய்ச்சல் வந்துவிட்டது. மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதும், சளி நெஞ்சில் இறங்கிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்துவிடுகிறோம். இரண்டு மூன்று நாளில் குறைகிறது. அடுத்த மாதம் மறுபடி வருகிறது. இரண்டு முறை புகையும் வைத்தார்கள். என் மாமியார் கற்பூரம் கலந்த எண்ணெயை நெஞ்சில் தடவி, தலைக்குக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுகிறார். என் மகனுக்கு 9 வயது. அவனுக்குச் சளி அவ்வளவாக வராது. இந்த ஆண்டு இரண்டு முறை தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, மருந்துக்கடையில் கொடுத்த மூன்று நாள் மாத்திரையில் சரியாகிவிட்டது. மகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா? டானிக் ஏதாவது கொடுக்கலாமா? அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு அனுப்பாமல் இந்த ஆண்டை விட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் நடுவே, 'சளி நெஞ்சில் இறங்கிவிடக் கூடாதே' என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகள் நல மருத்துவராகப் புறநோயாளிகள் பிரிவில் உட்காரும் ஒவ்வொரு நாளும் நான் கேட்கும் வார்த்தை அது. உங்கள் வீட்டுக்கு ஆறு மாதத்தில் ஆறு புட்டி ஆன்டிபயாட்டிக் வந்து சேர்ந்ததற்கும் அந்த அச்சமே காரணம் என்பதால், அதை முழுமையாகப் பேசிவிட விரும்புகிறேன். அதற்கு முன் உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. கடிதத்தின் கடைசியில் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே, உங்கள் மகனின் தொண்டை வலி, அதைப் படித்தபோதுதான் எனக்குக் கவலை ஏற்பட்டது. அவனைப் பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆறு என்ற எண்ணிக்கை. பள்ளிக்கு முந்தைய வயதிலும் பள்ளியின் முதல் ஆண்டிலும் இருக்கும் நல்ல உடல்நலமுள்ள குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது வழக்கமானது; குழந்தைகள் காப்பகத்துக்கோ மழலையர் வகுப்புக்கோ புதிதாகப் போகத் தொடங்கும் ஆண்டில் பத்துப் பன்னிரண்டு முறைகூட வரலாம். பெரியவர்களுக்கு இரண்டு முதல் நான்கு. ஒவ்வொரு சளியும் பத்துப் பன்னிரண்டு நாள் நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், எட்டு சளிக்கு ஏறக்குறைய நூறு நாள் ஆகிறது. அந்த நூறு நாளும் ஆண்டு முழுவதும் சமமாகப் பரவாமல், பள்ளி நடக்கும் மாதங்களிலும் மழைக்காலத்திலும் குவிந்து வருவதால், ஒரு சளியின் கடைசி இருமலும் அடுத்த சளியின் முதல் தும்மலும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. 'இவளுக்குச் சளி தீர்வதே இல்லை' என்று தாய்மார்கள் சொல்வது மிகையல்ல. அவர்கள் கண்ணால் பார்ப்பது அதுதான். ஆனால் அது தீராத ஒரே நோய் அன்று, அடுத்தடுத்து வந்துபோகும் வெவ்வேறு தொற்றுகள்.

மூக்கு, அதைச் சுற்றிய எலும்புக் குழிகளான சைனஸ்கள், தொண்டை, குரல்வளை ஆகியவற்றை மேல் சுவாசப் பாதை என்கிறோம். அங்கே வரும் தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. சாதாரணச் சளியை உண்டாக்கக்கூடிய வைரஸ்கள் இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் முதலிடம் ரைனோ வைரஸுக்கு; அதில் மட்டும் 160 அளவுக்கு வகைகள் இருப்பதால், ஒன்றுக்கு எதிராக உடல் தயாரித்துக்கொண்ட காப்பு இன்னொன்றைத் தடுப்பதில்லை. இவை போக ஆர்.எஸ்.வி., அடினோ வைரஸ், பாரா இன்ஃப்ளூயன்சா, பருவகாலக் கொரோனா வைரஸ்கள், ஃப்ளூ காய்ச்சலைத் தரும் இன்ஃப்ளூயன்சா ஆகியவையும் உண்டு. மூன்று ஆண்டுகள் வீட்டுக்குள் வளர்ந்த குழந்தை, முப்பது குழந்தைகள் ஒரே பென்சில் பெட்டியைத் தொடும் வகுப்பறைக்குப் போகும்போது, இவற்றை ஒவ்வொன்றாகச் சந்தித்தே ஆக வேண்டியிருக்கிறது. ஐஸ்கிரீமும் தயிரும் வாழைப்பழமும் ஆரஞ்சும் சளியை உண்டாக்குவதில்லை. மழையில் நனைந்ததால் 'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்று சொல்கிறோம். மழைநீர் மண்டைக்குள் இறங்க வழியே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் சன்னல்களை மூடிக்கொண்டு நெருக்கமாக இருக்கும்போது, இருமலிலும் தும்மலிலும் கைகளிலும் வைரஸ் எளிதாகப் பரவுகிறது.

இனி, சளி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். வைரஸ் புகுந்து ஒன்று முதல் மூன்று நாளில் தொண்டை கரகரக்கும். அடுத்த நாள் மூக்கில் தண்ணீராக ஒழுகும், தும்மல் வரும், குழந்தைக்குக் காய்ச்சலும் அடிக்கலாம். இரண்டாம் மூன்றாம் நாள்களில் உச்சத்துக்குப் போகும். நான்காம் ஐந்தாம் நாளில் மூக்குச்சளி தடித்து மஞ்சளாகும், பச்சையாகும். அதன் பிறகு மெல்ல வடியத் தொடங்கி, ஏழு முதல் பத்து நாளில் ஏறக்குறைய முடிந்துவிடும். இருமல் மட்டும் பின்தங்கி, சில குழந்தைகளுக்கு மூன்று வாரம் வரை இழுக்கும். அந்தப் பச்சை நிறத்தை பாக்டீரியா வந்துவிட்டதன் அடையாளமாகவே நம் ஊரில் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த நிறம் உங்கள் மகளின் சொந்த வெள்ளை அணுக்களிலிருந்து வருவது. வைரஸை எதிர்க்க மூக்குக்குத் திரண்டு வரும் அந்த அணுக்களுக்குள் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. இரும்புச்சத்து அடங்கிய அந்த நொதி இயல்பிலேயே பச்சை நிறமுடையது. வேலை முடிந்த அணுக்கள் சிதையும்போது அந்த நிறம் சளியில் கலக்கிறது. எதிர்ப்புச் சக்தி இல்லை என்று நீங்கள் பயந்து பார்த்த அந்தப் பச்சை, எதிர்ப்புச் சக்தி ஒழுங்காக வேலை செய்ததன் தடயம்.

நான்காம் ஐந்தாம் நாளில் நிறம் மாறியதும் நீங்கள் சிரப்பைத் தொடங்குகிறீர்கள். ஏழாம் நாளில் குழந்தை தேறுகிறாள். சிரப் கொடுக்காமல் விட்டிருந்தாலும் ஏழாம் நாளில் தேறியிருப்பாள். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்ததைப் போல, பெயர் மட்டும் மருந்துக்குப் போய்விடுகிறது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 'சரி, இப்போதைய சளிக்கு உதவாவிட்டாலும், நெஞ்சில் இறங்காமலாவது தடுக்குமே' என்று படித்த பெற்றோர்கள்கூட என்னிடம் வாதிடுவார்கள். பிரிட்டனில் பொது மருத்துவர்களின் நோயாளிப் பதிவேடுகளை ஆராய்ந்து 2007இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இதைத்தான் பார்த்தது. சளி போன்ற மேல் சுவாசத் தொற்றுக்குப் பின் வரக்கூடிய ஒரே ஒரு கடுமையான சிக்கலைத் தடுக்க, நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அதில் தெரியவந்தது. அந்த நாலாயிரம் பேரில் எத்தனையோ பேருக்கு வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும் வந்திருக்கும். அவர்கள் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் மருந்துக்குப் பழகியிருக்கும். அப்படிப் பழகிய கிருமியால் பிறகு ஒரு நாள் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வந்தால், வாயால் கொடுக்கும் மருந்து போதாமல் ஊசி மருந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. நான் இதை ஏட்டில் படித்து எழுதவில்லை. பிள்ளைகளை வார்டில் சேர்த்து ஊசி போட்டுக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். மாத்திரை அட்டையின் பின்புறத்தில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அதை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று 2016 முதல் மத்திய சுகாதாரத் துறை விழிப்புணர்வு செய்துவருகிறது. அடுத்த முறை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

இப்போது நெஞ்சுக்கு வருகிறேன். இரவில் குழந்தையின் முதுகில் கைவைத்துப் பார்க்கும்போது கரகரவென்று அதிர்வதை உணர்ந்து, 'நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது' என்று முடிவு செய்வது நம் வீடுகளில் வழக்கம். சின்னக் குழந்தைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. மூக்கின் பின்புறம் வழியாக அது தொண்டையில் வடிந்து தேங்குகிறது. மூச்சு அதைக் கடந்து போகும்போது எழும் ஓசை, மெல்லிய நெஞ்சுக்கூட்டில் அப்படியே எதிரொலிக்கிறது. படுத்ததும் இருமல் கூடுவதும், இருமி இருமிச் சளியாக வாந்தி எடுப்பதும் அதனால்தான். ஆகவே கையால் உணரும் கரகரப்பை வைத்து நுரையீரலைப் பற்றி முடிவு செய்ய முடியாது. நுரையீரல் பாதிக்கப்பட்டிருந்தால் அதை மூச்சே காட்டிக்கொடுக்கும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது, சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் வயிறு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது வேண்டாம். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, இரண்டு மாதத்துக்குள் 60. காய்ச்சல் அடிக்கும்போது மூச்சு சற்று வேகமாகும் என்பதால், காய்ச்சல் இறங்கிய பின் மீண்டும் ஒருமுறை எண்ணுங்கள்.

எண்ணிக்கை கூடுதலாகவே இருந்தாலும், மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலும், உதடு நீலம் பாரித்தாலும், குழந்தை தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலும், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலும், வலிப்பு வந்தாலும் அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாய் குரைப்பதைப் போன்ற இருமலுடன், மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற ஓசை வந்தால் அது குரல்வளை வீக்கம். நடு இரவானாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். எச்சிலை விழுங்க முடியாமல் வாயில் ஒழுகவிட்டு, தலையை முன்னே நீட்டி உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் படுக்கவைக்கவோ, கரண்டியால் நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்க்கவோ முயலக் கூடாது. உட்கார்ந்த நிலையிலேயே தூக்கிச் செல்ல வேண்டும். குரல்வளையின் மூடி வீங்கும் அந்த ஆபத்தான நோயை நான் இப்போது அரிதாகவே பார்க்கிறேன்; அதற்கு முக்கியக் காரணமான ஹிப் கிருமிக்கு எதிரான தடுப்பூசி, ஐந்து நோய்த் தடுப்பூசியில் சேர்ந்து 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் நாட்டிலேயே முதலில் இலவசமாகத் தொடங்கப்பட்டது.

இரண்டு முறை புகை வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நெபுலைசரில் வைக்கும் மருந்து சளியை முறிப்பதற்கானது என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. இளைப்பு இருந்தால் உதவும், வெறும் மூக்குச்சளிக்கு உதவாது. ஆகவே புகை வைத்த மருத்துவரிடம், 'என் மகளுக்கு வீசிங் இருந்ததா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால், குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா, ஓடி விளையாடும்போது இருமுகிறாளா என்ற வழியில் அதைத் தனியாக ஆராய வேண்டியிருக்கும்.

சளியில் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் சந்தர்ப்பங்களும் உண்டு. சளி தொடங்கிப் பத்து நாளுக்கு மேலாகியும் சற்றும் குறையாமல் இருப்பது, குறைந்துகொண்டு வந்தது ஆறேழு நாளுக்குப் பின் திடீரெனக் காய்ச்சலோடு திரும்புவது, 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் சேர்ந்து மூன்று நான்கு நாள் தொடர்வது ஆகியவை சைனஸில் பாக்டீரியா குடியேறியதன் அறிகுறிகள். குழந்தைகளின் சளியில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகவே இது நடக்கிறது. தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறு வயதில் குட்டையாகவும் படுக்கை வாட்டத்திலும் இருப்பதால், சளியின்போது காதிலும் தொற்று ஏறலாம். இரவில் திடீரெனக் காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் அதை நினைக்க வேண்டும். அப்போது எண்ணெயைக் காய்ச்சிக் காதில் விடாமல், பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் மகனுக்கு வந்தது வேறு கதையாக இருக்கலாம். தொண்டை வலியும் வைரஸால் வருவதே அதிகம். மூக்கொழுகலும் இருமலும் குரல் கம்முவதும் சேர்ந்திருந்தால் அது வைரஸ்தான் என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் ஐந்து வயது முதல் பதினைந்து வயதுவரை உள்ள குழந்தைக்கு, சளியும் இருமலும் இல்லாமல் திடீரெனக் காய்ச்சலும், விழுங்க முடியாத தொண்டை வலியும், டான்சிலில் வெள்ளைப் படிவும், தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டியும் வந்தால், 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். இந்தத் தொற்றில் வலியும் காய்ச்சலும் மருந்து இல்லாமலேகூட மூன்று முதல் ஐந்து நாளில் அடங்கிவிடும். 'சரியாகிவிட்டது' என்று நீங்கள் எழுதியதை நான் அப்படியே ஏற்றுக்கொள்ளத் தயங்குவது அதனால்தான். தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு, அந்தக் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்வினை திசைமாறி, சில குழந்தைகளின் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகிறது. வாத இதயக் காய்ச்சல் என்ற அந்த நோய் மூட்டுகளை நக்கிவிட்டுப் போகும், இதயத்தைக் கடித்துவிடும் என்று எங்களுக்கு ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். பணக்கார நாடுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்ட இந்நோய் இந்தியாவில் மறையவில்லை. பத்து வயதில் கவனிக்காமல் விட்ட தொண்டை வலியின் விலையை, இருபத்தைந்து வயதில் முதல் பிரசவத்தின்போது மைட்ரல் வால்வு சுருங்கி மூச்சுத் திணறி வரும் பெண்கள் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கான மருந்து மிகப் பழையது, மலிவானது. 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்றுவரை பெனிசிலினுக்குப் பழகவில்லை. பெனிசிலினோ அதன் இனமான அமாக்சிசிலினோ வாய்வழியாகப் பத்து நாள் முழுமையாகக் கொடுக்க வேண்டும், அல்லது பென்சத்தீன் பெனிசிலின் ஊசி ஒருமுறை போட வேண்டும். வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் ஆரம்பித்தால்கூட இதயத்தைக் காப்பாற்றிவிடலாம் என்பதால், தொண்டையைப் பார்த்து, வசதி இருந்தால் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்துப் பரிசோதித்து முடிவு செய்ய அவகாசம் இருக்கிறது. மருந்துக்கடையில் விற்கும் மூன்று நாள் மாத்திரை பெரும்பாலும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதை மாற்றாக நாங்களும் எழுதுவதுண்டு. ஆனால் அதற்கு அடங்காத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் இருக்கின்றன, அளவும் நாள்களும் மருத்துவர் கணக்கிட வேண்டியவை. ஆக, தேவைப்படாத மகளுக்கு ஆறு புட்டி முழுமையாகப் போயிருக்கிறது. தேவைப்பட்டிருக்கக்கூடிய மகனுக்குச் சரியான மருந்து சரியான நாள் கணக்கில் கிடைத்ததா என்று தெரியவில்லை. உங்களைக் குறை கூற இதை எழுதவில்லை. அவனை இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போய், இரண்டு முறை இப்படித் தொண்டை வலி வந்தது என்று சொல்லி இதயத்தைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கணுக்கால், முழங்கால் என்று மூட்டுக்கு மூட்டுத் தாவும் வலி, ஓடினால் முன்பைவிட அதிகமாக மூச்சு வாங்குவது, கைகால்கள் தாமாக வெட்டி அசைவது போன்றவை ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். எதுவும் இல்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஒருவேளை இருந்தாலும், 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டே வந்தால் மேலும் சேதம் ஏறாமல் தடுக்கலாம்.

சளிக்கு வீட்டில் என்ன செய்வது? காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உங்கள் மகளின் 15 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 150 முதல் 225 மில்லிகிராம். கடையில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும், 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் ஒரே மாதிரிப் பெட்டியில் கிடைக்கின்றன. முதலாவதில் 6 முதல் 9 மில்லி, இரண்டாவதில் 3 முதல் 4.5 மில்லி என்று அளவு மாறும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இன்னும் அடர்த்தியானது. அதைச் சிரப்பின் அளவில் ஊற்றிக் கொடுத்து ஈரல் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உண்டு. புட்டியின் மேல் உள்ள எழுத்தைப் படித்து, பாலாடையையும் சமையல் கரண்டியையும் தவிர்த்து, புட்டியோடு வரும் அளவுக் கோப்பையில் கொடுங்கள். வேளைக்கு வேளை ஆறு மணி நேர இடைவெளி இருக்கட்டும். ஒரு நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. மழைக்காலத்தில் சளியே இல்லாமல் வெறும் காய்ச்சல் அடித்தால் டெங்குவையும் நினைக்க வேண்டும் என்பதால், மெஃபெனமிக் அமிலம், இபுபுரூஃபன் போன்ற காய்ச்சல், வலி மருந்துகளை நீங்களாகத் தொடாதீர்கள்.

மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, சற்று நேரம் கழித்துச் சிந்தச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கும் முன்னும் இது மிகவும் உதவும். இருமலுக்கு, ஒரு வயது கடந்த குழந்தைக்குப் படுக்கும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம்; கடையில் வாங்கும் இருமல் சிரப்பைவிட அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமியின் நச்சு கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். காரம் குறைத்த மிளகு ரசம், கஞ்சி, வெதுவெதுப்பான நீர், பெரியவர்கள் கொடுக்கும் இளஞ்சூடான கற்பூரவல்லிச் சாறு ஒரு கரண்டி, இவற்றையெல்லாம் குழந்தை விரும்பிக் குடித்தால் நான் தடுப்பதில்லை.

இருமல் சிரப்புகளை மட்டும் தயவுசெய்து வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். சளிக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டார். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தானாகவே தீர்ந்துவிடக்கூடிய இருமலுக்கு வாங்கிய மருந்தால் அந்தப் பிள்ளைகள் போனார்கள் என்பதை நினைக்கும்போது, இத்தனை ஆண்டுகள் இத்தொழிலில் இருந்தும் எனக்கு மனம் ஆறவில்லை. இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்று அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் மகள் அந்த வயதுக்குள்தான் இருக்கிறாள்.

உங்கள் மாமியார் பேத்தியின் மேல் வைத்த அன்பால் செய்கிறார் என்பதை அறிவேன். ஆனாலும் இரண்டு விஷயங்களை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கற்பூரம் சிறு துண்டாக இருந்தாலும், குழந்தை அதை எடுத்து வாயில் போட்டுவிட்டால் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். இரண்டு வயதுக்குள் அதைத் தடவவும் கூடாது; உங்கள் மகளுக்கும் வேண்டாம், வீட்டில் கைக்கெட்டும் இடத்திலும் வைக்க வேண்டாம். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திச் சுருள், வீட்டுக்குள் பிடிக்கும் சிகரெட் மூன்றும் ஏற்கனவே வீங்கியிருக்கும் சுவாசப் பாதையை மேலும் எரிச்சலூட்டும். தலையைத் துண்டால் நன்றாகத் துவட்டினால் போதும். சில வீடுகளில் குளிப்பாட்டும்போது கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கமும் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போய்த் தங்கி, ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத நிமோனியாவை உண்டாக்கும். கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிப்பதும் சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். அதனால் கிடைக்கும் பயனைவிட வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோன கால்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

டானிக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் சிரப்புகள் எதுவும் சளி வரும் எண்ணிக்கையைக் குறைக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அந்தப் பணத்தில் முட்டையும் பருப்பும் கீரையும் வாங்குங்கள். உண்மையிலேயே எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை வேறுவிதமாக இருக்கும்: ஓராண்டில் இரண்டு முறை நிமோனியா, நான்கு முறையோ அதற்கு மேலோ காதில் சீழ், திரும்பத் திரும்பத் தோலிலோ உள்ளுறுப்பிலோ சீழ்க்கட்டி, ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் ஆறாத வெண்புண், எடை ஏறாமல் நின்றுபோவது. இவற்றில் ஏதேனும் இருந்தால், குறிப்பாகப் பெற்றோர் நெருங்கிய உறவில் மணந்தவர்களாக இருந்தால், கட்டாயம் ஆராய வேண்டும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. 15 கிலோ எடையும் அவள் வயதுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. சளி இல்லாத நாள்களிலும் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கினால் மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு சதையின் வீக்கத்தையும், காய்ச்சலே இல்லாமல் காலையில் அடுக்கடுக்காகத் தும்மி மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் ஒவ்வாமையையும் பார்க்கச் சொல்லலாம்.

தடுப்பூசி அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் அரசு அட்டவணையில் ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என இலவசமாகப் போடப்படுகிறது. ஐந்து வயதில் மகளுக்கு முத்தடுப்பூசியின் ஊக்க ஊசியும், பத்து வயதில் மகனுக்கு டெட்டனஸ்-டிப்தீரியா (டி.டி.) ஊசியும் வர இருக்கின்றன. தொண்டை அடைப்பான் என்று நம் பாட்டிமார்கள் அஞ்சிய டிப்தீரியாவைத் தடுப்பவை அவை, தவறவிடாதீர்கள். ஃப்ளூ தடுப்பூசி அரசு அட்டவணையில் இல்லை. ஐந்து வயதுவரை ஆண்டுதோறும் போடலாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. செலவு முடியுமென்றால் மழைக்காலத்துக்கு முன் போடுங்கள். அது ஃப்ளூவைத்தான் தடுக்கும், எல்லாச் சளியையும் தடுக்காது.

பள்ளியை நிறுத்த வேண்டாம். இந்த ஆண்டு வீட்டில் வைத்துக்கொண்டால், இதே ஆறு சளியும் அடுத்த ஆண்டு யு.கே.ஜி.யில் காத்திருக்கும். காய்ச்சல் மருந்து இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் அடிக்காமல் இருந்து, ஓரளவு சாப்பிட்டு விளையாடுகிறாள் என்றால், மூக்கொழுகலும் இருமலும் மிச்சமிருந்தாலும் அனுப்பலாம். இரண்டு கைக்குட்டை கொடுத்தனுப்புங்கள். தும்மும்போது முழங்கையை மடித்து மூடவும், வீட்டுக்கு வந்ததும் சோப்பால் கை கழுவவும் பழக்குங்கள். அடுத்த சளி தொடங்கும் நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால், சளியின் நிறத்தைச் சொல்வதற்கு முன்னால் அது எத்தனையாவது நாள் என்பதையும், இரவில் நீங்கள் எண்ணிய மூச்சின் எண்ணிக்கையையும், இதுவரை கொடுத்த ஆறு புட்டிகளின் பெயர்களையும் எழுதி எடுத்துப்போய்ச் சொல்லுங்கள்.